பச்சையம்மாவுக்குக் கொடுத்தது

நவமணிக்கு அறுபத்தொரு வயது. அதில் இருபத்திரண்டு வருஷத்தைக் கிருபாலயத் தமிழ்ச் சபைக்குக் கொடுத்தாள் என்று சபையார் சொல்வார்கள். கொடுத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் நடந்த கதை.

ஜார்ஜ்டவுனில் டத்தோ கிராமட் சாலைக்குப் பின்னால், ஒரு டயர் கடைக்கும் மரச்சாமான் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிற ஆலயம் அது. அறுபது எழுபது பேர் வருவார்கள். அவர்களுக்கென்று தனியாகப் பாஸ்டர் கிடையாது. பாஸ்டர் தேவதுரை கடலுக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் குடியிருந்துகொண்டு மூன்று சபைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஜார்ஜ்டவுன் இருக்கிற தீவுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு வருவார், திருவிருந்து கொடுப்பார், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பாலம் ஏறிவிடுவார். ரொட்டியையும் திராட்சரசத்தையும் ஜெபித்துக் கொடுக்கிற அந்த ஒரு காரியம் பாஸ்டருக்கு மட்டுமே உரியது. மற்றதெல்லாம் நவமணியின் தலையில்.

மீதி ஞாயிறுகளில் ஆராதனையை நடத்துவது அவள்தான். பாட்டைத் தொடங்குவாள், ஜெபிப்பாள், அரை மணி நேரம் பேசுவாள். ஆனால் அதைப் பிரசங்கம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வாராந்திரத் தாளில் "பகிர்வு: சகோதரி நவமணி" என்று போடுவார்கள். பிரசங்க மேடை காலியாக மேலே நிற்கும். அவள் கீழே, தரையில், பாட்டுக்காரர்களுடைய தாள் தாங்கியை இழுத்து வைத்துக்கொண்டு பேசுவாள். மூன்று படி ஏறினால் மேடை. அந்த மூன்று படியைத் துடைக்கிறவளும் அவள்தான்.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் நவமணி. கடைசிப் பன்னிரண்டு வருஷம் நாற்பத்திரண்டு பேருக்கு மேற்பார்வையாளர். அவள் கையைத் தூக்கினால் வரிசை மொத்தமும் நிற்கும். சீனன், மலாய்க்காரன், பங்களாதேஷி எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே பெண்மணி ஆலயத்தின் பின்கட்டில் நின்று திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுவாள். கட்டைவிரல் உயரமே உள்ள எழுபது கண்ணாடிக் கிண்ணங்கள். முன்னால் அவற்றைத் தட்டில் ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாகப் போகிறவர்கள் மூப்பர்கள், ஆறு ஆண்கள். கழுவுகிற வேலைக்கு மட்டும் அவர்கள் ஒருநாளும் போட்டிக்கு வந்ததில்லை.

கணவன் பக்கவாதத்தில் போய்ப் பதினைந்து வருஷமாயிற்று. மகன் சிங்கப்பூரில். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் ஒன்பதாம் மாடியில் தனியாக இருந்தாள். தனிமையென்று சொல்ல அவளுக்கு நேரமில்லை. யாருக்காவது ஆஸ்பத்திரியென்றால் அவள், யார் வீட்டிலாவது புருஷன் கை நீட்டினால் அவள், பொம்பளைச் சவத்தைக் குளிப்பாட்டி உடுத்த வேண்டுமென்றாலும் அவள். இதையெல்லாம் அவள் குறையாகச் சொன்னதில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. அந்தத் தட்டை ஒருமுறையாவது கையில் ஏந்தி, சபைக்கு முன்னால் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆசை என்று சொன்னால் பெருமை என்பார்கள் என்று பயந்து, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அதே கட்டடத்தின் பதினொன்றாம் மாடியில் பச்சையம்மா இருந்தாள். அறுபது வயதுக்கு மேல் ஞானஸ்நானம் எடுத்துச் சபைக்கு வந்தவள். சுங்கை பட்டாணியில் இருந்த அவளுடைய அண்ணன் தம்பிகளுக்கு அது பொறுக்கவில்லை. "நீ செத்தா வாய்க்கரிசி போட எங்க வீட்டுலேருந்து ஒருத்தனும் வரமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அதன் பிறகு வாசல் மிதிக்கவில்லை. மகள் துளசி மட்டும் அம்மாவோடு சபைக்கு வந்தாள். ஒரு பல் மருத்துவரிடம் வேலை செய்துகொண்டிருந்த பெண். அம்மா நம்பியதை நம்பினாள், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து இருபது ஏப்ரலில், கொரோனாவுக்காகப் போட்ட எம்சிஓ என்ற நடமாட்டக் கட்டுப்பாட்டில் ஊர் முழுக்க அடைந்து கிடந்தபோது, பச்சையம்மாவுக்கு ஈரல் புற்று முற்றிவிட்டது. ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வெளியே போகத்தான் தடை, மாடிப்படி ஏறத் தடையில்லை. நவமணி தினமும் இரண்டு மாடி ஏறிப்போய் அவளுக்கு உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு வந்தாள். புனித வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழக்கிழமை மத்தியானம் பச்சையம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மணி, எனக்கு அந்த விருந்து வேணும்லா. சும்மா ஜெபம் பண்ணிட்டுப் போயிடாத."

"பாஸ்டரக் கூப்புடுறேன்கா."

"அரிசி போட ஆளில்லேன்னானுங்க. எனக்கு அது வேணாம். இது கெடச்சாப் போதும், அவனுங்க மொகத்துல முழிக்காமலே போயிடுவேன்."

நவமணி வெளியே மாடிப்படிக்கு வந்து பாஸ்டருக்குப் போன் செய்தாள். அவர் பச்சையம்மாவைப் பார்க்க அன்று காலையே புறப்பட்டு வந்து, பாலத்துச் சாலைத் தடுப்பில் போலீஸார் திரும்பிப் போகச் சொல்லிவிட்டதால் வீட்டுக்குப் போயிருந்தார்.

"எவ்வளவு நேரம் தாங்குவாங்க சிஸ்டர்?"

"நாளைக்கு ராத்திரி வரைக்கும் தாங்காது பாஸ்டர்."

அவர் சொன்னார்: "நீங்களே குடுத்திருங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா அங்க? ஆண்டவருக்குத் தெரியும் சிஸ்டர். குடுங்க."

படிக்கட்டில் பேசியது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும். நவமணி உள்ளே போனாள். அந்த வீட்டில் ரிபேனா பழச்சாறு இருந்தது, தகர டின்னில் கிரீம் கிரேக்கர் பிஸ்கட் இருந்தது. சபையில் வழக்கமாக ஊற்றுகிறதும் ரிபேனாதான், அதில் ஒன்றும் குறைச்சலில்லை. பதினெட்டு வருஷமாகக் காதால் கேட்டுக் கேட்டு மனப்பாடமான ஜெபத்தை முதல்முறையாக வாயால் சொன்னாள். பிஸ்கட்டைப் பிட்டு, நனைத்து, பச்சையம்மாவின் நாக்கில் வைத்தாள். தொண்டை அடைத்துக்கொண்டிருந்த பச்சையம்மா அதை விழுங்கிவிட்டுத் தெளிவாக ஆமென் சொன்னாள். மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு நான்கு பேருக்குத்தான் அனுமதி. பாஸ்டர் வரமுடியாததால் குழிமேட்டு ஜெபத்தையும் நவமணியே செய்தாள். அதைப் பற்றி இன்றுவரை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. செத்தவர்களை ஒரு பெண் அனுப்பிவைப்பதில் சபைக்கு ஆட்சேபணை இருந்ததே இல்லை.

சுங்கை பட்டாணி மாமாக்கள் போனில் துளசியைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். "உங்கம்மா அனாதப் பொணமாப் போயிட்டா" என்றார் பெரியவர். துளசி, "இல்ல மாமா, எங்கம்மாவுக்கு வேண்டியது கெடச்சிருச்சு" என்று ஒரே பதிலைச் சொன்னாள். ஒவ்வொரு வருஷமும் ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்க அவர்கள் கூப்பிட்டபோதெல்லாம் அதே பதில்தான். அம்மா போன பிறகு அந்தப் பெண் சாய்ந்துகொள்ள இருந்த சுவர் அது ஒன்றே.

மூன்று வருஷம் கழித்துத் தலைமைச் சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனிப் பெண்களும் மூப்பராகலாம் என்றார்கள். கிருபாலயத்தில் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு, முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் பெண் ஒருத்தியைப் போடுவதென்றால் யாரைப் போடுவது என்ற கேள்வி மட்டும் யாருக்கும் வரவில்லை. இரண்டாயிரத்து இருபத்து நான்கு மார்ச்சில் நவமணியின் பெயரை முன்மொழிந்தார்கள். ஜூன் ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கி ஓட்டு.

காரியம் கெட்டது அன்பினால்தான். கிருபாலயத்தில் முதல் ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கடவுள் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஏப்ரல் மாதம் துளசி எழுந்தாள். ஒலிவாங்கியை வாங்கும்போதே கண் கலங்கியிருந்தது.

"நவமணியக்கா மூப்பரா வரணும்னு என்னை யாரும் பேசச் சொல்லல. நானாத்தான் சொல்றேன். எம்சிஓ நேரத்துல யாருமே வரமுடியாதப்ப அக்காதான் எங்கம்மாவுக்குத் திருவிருந்து குடுத்தாங்க. அத வாங்கிட்டுத்தான் எங்கம்மா கண்ண மூடுனாங்க. மூப்பர்னா இதானே?"

பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். யாரோ அல்லேலூயா சொன்னார்கள். நவமணிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நிறைந்த நெஞ்சோடு அவள் பாஸ்டரைப் பார்த்தாள். அவர் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் சபைச் செயலாளர் சிவநேசன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

சிவநேசன் கெட்ட மனுஷர் இல்லை. அப்படிச் சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். விதி என்று ஒன்று எழுதியிருந்தால் அது தன் சொந்தத் தகப்பனாருக்கும் பொருந்தும் என்று நினைக்கிற ஆள். பாஸ்டர் அல்லாத ஒருவர் திருவிருந்து கொடுத்திருந்தால் அது சபை ஒழுங்கை மீறிய செயல், மீறியவர் ஐந்து வருஷத்துக்குப் பொறுப்புக்கு வரமுடியாது. இதை விசாரிக்க வேண்டும் என்று குழுவுக்கு எழுதிப்போட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாஸ்டர் தேவதுரை ஒன்பதாம் மாடிக்கு வந்தார். நவமணி போட்டுக் கொடுத்த கோப்பியைத் தொடாமலே பேசினார்.

"ஒரு கடுதாசி எழுதிக் குடுத்திருங்க சிஸ்டர். நீங்க குடுத்தது திருவிருந்து இல்ல, ஆறுதலுக்குக் குடுத்ததுன்னு. மேட்டர் முடிஞ்சுரும்."

"நீங்கதான பாஸ்டர் குடுக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன். இல்லேன்னு சொல்லல. ஆனா அது வெளிய வந்தா என் பாஸ்டர் லைசன்ஸ எடுத்துருவாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ். நான் போனா மூணு சபைக்கும் தமிழ்ல நடத்த ஆளேது? யோசிங்க."

"துளசி என்ன நினைப்பா?"

"கடுதாசி ஃபைலுக்குள்ள போயிரும். அவளுக்கு எதுக்குத் தெரியணும்? நீங்க மூப்பராயிட்டீங்கன்னா எத்தனை பேருக்கு உதவலாம், அதப் பாருங்க. ஓட்டு அன்னிக்கு நானே எழுந்து உங்களுக்காகப் பேசுறேன்."

நவமணி சபைக்காகத்தான் எழுதினாள் என்று பிறகு பரிந்து பேசியவர்கள் இருந்தார்கள். அவளே அப்படி நினைத்துக்கொள்ள முயன்றாள், முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கழுவிய கிண்ணங்களை ஒருநாள் ஏந்திப் போக வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினாள். பாஸ்டர் வாட்சப்பில் அனுப்பிய வாசகத்தை அப்படியே வெள்ளைத் தாளில் பார்த்து எழுதினாள். "மறைந்த சகோதரி பச்சையம்மா அவர்களுக்கு நான் அளித்தது ஆறுதலுக்கான சிற்றுண்டி மட்டுமே. அது திருவிருந்து அல்ல என்பதை நான் அப்போதே அறிந்திருந்தேன்."

இரண்டாவது வரியை எழுதும்போது பேனா நின்றது. அறிந்திருந்தேனா? அப்போது அவள் அறிந்திருந்தது வேறு. ஆனாலும் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கு மேல் ஒரு தப்பு செய்தாள். கடிதத்தைப் பாஸ்டர் கையில் கொடுத்திருக்கலாம். பழக்கதோஷத்தில் மேலே "பெறுநர்: செயலாளர், கிருபாலயச் சபைக்குழு" என்று எழுதி, உறையை ஒட்டி ஆலயத் தபால் பெட்டியில் போட்டாள். செயலாளர் பெயருக்கு வருகிற கடிதம் ஒவ்வொன்றும் ஆண்டுக் கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட வேண்டும் என்பது கிருபாலயத்தின் வழக்கம். நிகழ்ச்சி நிரலில் நான்காவது, "வந்த கடிதங்கள்." மின்சார வாரியத்துக் கடிதத்தைக்கூட வாசிப்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுக் கூட்டங்களில் உட்கார்ந்து அத்தனை கடிதங்களையும் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டவள் நவமணி. தன் கடிதத்துக்கும் அதே கதிதான் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு நீலச் சேலை கட்டிக்கொண்டு போனாள். சிவநேசன் நான்காவதுக்கு வந்தார். சுற்றறிக்கை ஒன்று, பட்டர்வொர்த் சபையின் நன்றிக் கடிதம் ஒன்று, அடுத்து நவமணியின் கடிதம். ஏற்ற இறக்கமே இல்லாத குரலில், புள்ளி கமா விடாமல் வாசித்தார். சிற்றுண்டி என்ற சொல் ஒலிபெருக்கியில் வந்தபோது நவமணி தலையைத் திருப்பித் துளசியைத் தேடினாள். நான்காவது வரிசையில் துளசி வாயைப் பாதி திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வாசித்து முடித்துவிட்டு சிவநேசன் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல ஒரு விளக்கம் மட்டும் வேணும் சிஸ்டர். விதிய மீறுனீங்களான்னு இனி நான் கேக்கல. நீங்க குடுத்தது திருவிருந்து இல்லேன்னு உங்களுக்கே தெரியும்னு எழுதியிருக்கீங்க. ஆனா அந்தம்மா திருவிருந்துன்னு நம்பித்தானே வாங்குனாங்க?"

நவமணி எழுந்து நின்றாள்.

"ஆமா."

"அப்ப சாகப்போற ஒருத்தங்கள நீங்க தெரிஞ்சே ஏமாத்திட்டீங்க. நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?"

அவர் கேட்டதில் குத்தல் இல்லை, வருத்தம்கூட இருந்தது. நவமணி பாஸ்டரைப் பார்த்தாள். இப்போது சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். பாஸ்டரும் அவளைப் பார்த்தார், பிறகு மேசைமேல் இருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். அவர் எழுந்து பேசுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் தண்ணீர் குடித்தார். விதியை மீறியவள் என்றால் மூப்பராக வழியில்லை, மீறவில்லை என்றால் ஏமாற்றுக்காரி. எழுதிக் கொடுத்தவளே தன் கழுத்தில் இரண்டு பக்கமும் கயிறு கட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவாகப் பதினான்கு கைகள். எதிராக முப்பத்து மூன்று. அந்த முப்பத்து மூன்றில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களில் மூன்று பேருடைய அம்மாக்களை நவமணி தன் கையால் குளிப்பாட்டியிருக்கிறாள். பின்னால் ஒருத்தி மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது: "நாளைக்கு எங்கம்மாவுக்கும் இப்படித்தானே எதையாச்சும் குடுத்துட்டு இல்லேம்பாங்க?" துளசி இரண்டு தரமும் கை தூக்கவில்லை. கூட்ட முடிவில் பாஸ்டர் ஜெபித்தார். சகோதரி நவமணியின் தன்னலமற்ற ஊழியத்துக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள்.

வெளியே, மூடியிருந்த டயர் கடையின் ஐந்தடி நடைபாதையில் துளசி நின்றுகொண்டிருந்தாள். அழுதிருக்கவில்லை. அழுதிருந்தால் நவமணிக்குப் பேசுவது சுலபமாக இருந்திருக்கும்.

"துளசி, நான் சொல்றதக் கேளு. அன்னிக்குப் படிக்கட்டுல நின்னு பாஸ்டருக்குப் போன் பண்ணேன். அவர்தான் குடுக்கச் சொன்னாரு. நான் உண்மையாத்தான் குடுத்தேன். உங்கம்மா வாங்கினது உண்மையானதுதான்."

"இத ஏங்க்கா உள்ள சொல்லல?"

"அவரு கேட்டுக்கிட்டாரு. சொன்னா அவருக்கு..."

"உங்களுக்கும் மூப்பர் ஆகணும்."

நவமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னிக்குக் கட்டில்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. கடுதாசியில வேற எழுதுனீங்க. இப்ப டயர் கடை முன்னாடி நின்னுக்கிட்டு இன்னொண்ணு சொல்றீங்க. நான் எதக்கா நம்பணும்?"

"இதான் துளசி உண்மை."

"இருக்கலாம்" என்றாள் துளசி. "ஆனா நம்ப முடியலயே." காடிச் சாவியை எடுத்து, காரில் ஏறிப் போய்விட்டாள்.

நவமணி பாஸ்டரை வெறுத்தாளா என்றால், வெறுத்தாள். வெறுக்கக் கூடாது என்று ஜெபித்துவிட்டு, எழுந்து, மறுபடியும் வெறுத்தாள். ஆனால் அவரை வெறுக்கிற ஒவ்வொரு தடவையும், அந்த வாசகத்தைத் தாளில் எழுதியது தன் கை என்பதும் கூடவே வந்து நின்றது. வியாழக்கிழமை அவரிடமிருந்து செய்தி வந்தது. "சிஸ்டர், இந்த ஞாயிறு எனக்குச் சிம்பாங் அம்பாட்டில் ஆராதனை. நீங்கள் வழக்கம்போல் பார்த்துக்கொள்ளவும்." சாகப்போகிறவளை ஏமாற்றியவள் மூப்பராக இருக்கக் கூடாது. ஆனால் ஞாயிறு ஆராதனையை நடத்தலாம், அதற்கு ஆளில்லை. நவமணி போனாள். தாள் தாங்கியை இழுத்து வைத்துக்கொண்டு பேசினாள். முப்பத்து மூன்று பேரும் தலையாட்டிக் கேட்டார்கள். நான்காவது வரிசையில் துளசியின் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த வாரமும் காலியாக இருந்தது. பதினொன்றாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை.

ஆகஸ்டு முதல் ஞாயிறு திருவிருந்து. பாஸ்டர் வந்தார், கொடுத்தார், போனார். நவமணி கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர இரண்டு மணியாகிவிட்டது. அன்று ஆடி அமாவாசை என்பது அவள் நினைவில் இல்லை. சேலையை மாற்றுவதற்குள் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

துளசி நின்றிருந்தாள். தலைக்குக் குளித்து, நெற்றியில் திருநீறு. கையில் வாழையிலையால் மூடிய எவர்சில்வர் தட்டு. இலையோரத்தில் சோறும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் தெரிந்தன.

"மாமாங்க ரெண்டு பேரும் காலையில வந்தாங்க. கடற்கரையில அம்மாவுக்குத் திதி குடுத்தோம். இப்ப வீட்டுல படைச்சோம்." குரலில் கோபமில்லை. "நீங்க சாப்புட மாட்டீங்கன்னு தெரியும். ஆனா அம்மா உங்களுக்குக் குடுக்காம ஒருநாளும் சாப்ட்டதில்ல. அதான் கொண்டாந்தேன்."

படைத்த சோற்றைத் தொடக் கூடாது என்று ஞானஸ்நான வகுப்பில் பச்சையம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நவமணிதான். அவள் கை தட்டை வாங்கப் பாதி நீண்டு நின்றது.

"துளசி... உங்கம்மா இத வேணாம்னு விட்டுட்டுத்தானேம்மா வந்தாங்க. அவங்க கேட்டது இது இல்லயே."

"தெரியும்க்கா. அவங்க கேட்டத நீங்க இல்லேன்னுட்டீங்க. பெரிய மாமா செஞ்சது அம்மாவுக்குப் புடிக்காமக்கூட இருக்கலாம். ஆனா செஞ்சது செஞ்சதுதான். நாளைக்கு யாரும் வந்து இது திதி இல்லேன்னு எழுதிக் குடுக்க மாட்டாங்க."

தட்டை அவள் கையில் வைத்துவிட்டு, துளசி படியேறிப் போனாள். மேலே கதவு திறந்து, ஆண்குரல்கள் கேட்டு, மறுபடி மூடிக்கொண்டது.

நவமணி கதவைச் சாத்தினாள். தட்டை மேசைமேல் வைத்து எதிரே உட்கார்ந்தாள். ஜெபிக்க வாயெடுத்தாள், எந்த ஜெபம் என்று தெரியவில்லை. பிறகு இலையை எடுத்துவிட்டு, சோற்றைப் பிசைந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.